நவம்பர் 1938: தானாக வெடித்த கலவரமா, அரசின் ஏற்பாடா? கண்காட்சி அட்டைக்கு விவரம் வேண்டும்

சிப்புட்_வாசகர்:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசகர் வட்டம் வரும் நவம்பர் 9 அன்று தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு சிறிய கண்காட்சி வைக்கிறது. ஜெர்மனியில் 1938 நவம்பரில் யூதர்கள் மேல் நடந்த வன்முறைதான் தலைப்பு. மொத்தம் ஆறு அட்டைகள், ஏ1 அளவு. படிவம் 4, 5 பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் வருவார்கள். அதனால் எழுத்து பெரிதாகவும் விஷயம் சுருக்கமாகவும் இருக்க வேண்டும்.

குழுவில் இரண்டு கருத்து ஓடுகிறது. பாரிஸில் ஒரு யூதப் பையன் ஜெர்மன் அதிகாரியைச் சுட்டுவிட்டான், ஜனங்கள் கொதித்துப் போனார்கள், அரசாங்கம் கண்டும் காணாமல் இருந்துவிட்டது என்கிறார்கள் சிலர். இல்லை, மேலிருந்து உத்தரவு வந்துதான் நடந்தது என்கிறார்கள் மற்றவர்கள். எதை எழுதுவது?

எண்களிலும் குழப்பம். எரிந்த ஜெப ஆலயங்கள் (யூதர்களின் வழிபாட்டிடங்கள்) ஓரிடத்தில் 267, இன்னோரிடத்தில் 1,400. செத்தவர்கள் 91 என்கிறார்கள், ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். எந்தப் படத்தைப் போடலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும். கூடவே ஒரு கவலை: நம் ஊரில் யூதர் என்ற சொல்லை எடுத்தாலே பாலஸ்தீனம் பற்றிய கேள்வி வரும். அதை எப்படிக் கையாள்வது?

தைப்பிங்_மாறன்:

அரசின் ஏற்பாடு என்றே எழுதுங்கள். அதற்குக் காகிதம் இருக்கிறது. ஆனால் வரிசை தப்பக்கூடாது, அதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

அக்டோபர் கடைசியிலிருந்து தொடங்குங்கள். 1938 அக்டோபர் 28, 29 தேதிகளில் ஜெர்மனியில் வாழ்ந்த போலந்துக் குடியுரிமை யூதர்கள் சுமார் 17,000 பேரை வீட்டிலிருந்து பிடித்து, ரயிலில் ஏற்றி, போலந்து எல்லையில் தள்ளினார்கள். போலந்தும் பலரை உள்ளே விடவில்லை. ஸ்போன்ஷின் என்ற எல்லை ஊரில் ஆயிரக்கணக்கானோர் குளிரில் கிடந்தார்கள். அவர்களில் ஹனோவர் நகரத்து கிரின்ஷ்பான் குடும்பமும் ஒன்று. அந்த வீட்டுப் பையன் ஹெர்ஷல், வயது 17, பாரிஸில் இருந்தான். நவம்பர் 7 அன்று ஜெர்மன் தூதரகத்துக்குள் போய் எர்ன்ஸ்ட் ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். உங்கள் முதல் தரப்பு சொல்லும் கதை இந்தத் துப்பாக்கிச் சூட்டில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பத்து நாளைச் சேர்க்காமல் விட்டால் பார்ப்பவர் மனத்தில் காரணகாரியம் தலைகீழாகப் பதிந்துவிடும்.

ஃபோம் ராத் 9ஆம் தேதி மாலை இறந்தார். அன்று நாஜிக் கட்சிக்கு முக்கியமான நாள், 1923இல் தோற்றுப்போன ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின் நினைவு நாள். மாவட்டத் தலைவர்களும் கட்சியின் சீருடைப் படையான எஸ்.ஏ.வின் தளபதிகளும் மியூனிக் பழைய நகர மண்டபத்தில் ஒரே இடத்தில் விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஹிட்லர் வழக்கமான உரையை நிகழ்த்தாமல் கிளம்பிவிட்டார். இரவு 10 மணி வாக்கில் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார். பேச்சு முடிந்ததும் அங்கிருந்த தலைவர்கள் தொலைபேசிக்குப் போய் அவரவர் ஊருக்கு ஆணை சொன்னார்கள். கோயபல்ஸ் சொன்னதை அந்தத் தலைவர்கள் இப்படித்தான் புரிந்துகொண்டார்கள் என்று, கட்சிக்காரர்களை விசாரிக்கும் கட்சியின் சொந்த உயர் நீதிமன்றமே 1939 பிப்ரவரி அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறது: கட்சி முன்னால் நிற்பதாக வெளியே தெரியக்கூடாது, ஆனால் ஏற்பாடு செய்து நடத்த வேண்டியது கட்சிதான். எதிரிகள் எழுதியதல்ல, அவர்களுடைய ஆவணம். இரண்டாவது அட்டையில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அடுத்தது போலீஸ். இரவு 11:55க்கு ரகசியப் போலீசான கெஸ்டபோவின் முல்லர் எல்லா நிலையங்களுக்கும் டெலிபிரிண்டரில் செய்தி அனுப்பினார். யூதர்களுக்கு எதிரான நடவடிக்கைகள், குறிப்பாக ஜெப ஆலயங்களுக்கு எதிரானவை, சீக்கிரம் நடக்கும், குறுக்கே போக வேண்டாம், 20,000 முதல் 30,000 பேர் வரை கைது செய்யத் தயாராகுங்கள், வசதியுள்ளவர்களாகப் பாருங்கள். நாட்டின் பெரும்பாலான ஊர்களில் ஒரு கண்ணாடிகூட உடையாத நேரம் அது. கைதாகப் போகிறவர்களின் எண்ணிக்கை அப்போதே தாளில் இருக்கிறது. தானாக வெடித்த கலவரத்தில் யாராவது இப்படி முன்கூட்டி எண்ணிச் சொல்ல முடியுமா?

நள்ளிரவு தாண்டி 1:20க்குப் பாதுகாப்புப் போலீஸ் தலைவர் ஹைட்ரிக் அனுப்பிய ஆணை இன்னும் துல்லியம். மூன்றாவது அட்டை முழுவதையும் அதற்கே கொடுக்கலாம். ஜெர்மானியர் உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து வரக்கூடாது, பக்கத்துக் கட்டடத்தில் தீப்பிடிக்காது என்றால் மட்டுமே ஜெப ஆலயத்தை எரிக்கலாம். யூதர் கடையையும் வீட்டையும் நொறுக்கலாம், கொள்ளையடிக்கக் கூடாது. கடைத்தெருவில் யூதரல்லாதார் கடையைக் காப்பாற்ற வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களை, அவர் யூதராகவே இருந்தாலும், தொடக்கூடாது. ஜெப ஆலயத்தில் இருக்கும் ஆவணக் கட்டுகளை அழியவிடாமல் எடுத்து உளவுப் பிரிவிடம் கொடுக்க வேண்டும். சிறையில் இடம் உள்ள அளவுக்கு ஆண்களைப் பிடிக்க வேண்டும், உடல்நலம் உள்ளவர்கள், வயதானவர்கள் வேண்டாம். பிடித்த கையோடு வதை முகாமைத் தொடர்பு கொள்ள வேண்டும்.

இதனால்தான் தீயணைப்பு வண்டிகள் வந்து நின்றும் ஜெப ஆலயத்தின் மேல் தண்ணீர் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூரையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். எஸ்.ஏ. ஆட்களில் பலர் சீருடையைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடுப்பில் வந்ததும் மக்கள் கோபம் என்று காட்டத்தான்.

ஒரு எச்சரிக்கை. பல மாதம் உட்கார்ந்து இந்தத் தேதிக்குத் திட்டம் போட்டார்கள் என்று எழுதாதீர்கள். முடிவு அன்று மாலை எடுக்கப்பட்டது. 7ஆம் தேதி இரவே காஸல் போன்ற இடங்களில் உள்ளூர்க் கட்சிக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். 9ஆம் தேதி இரவு அது நாடு முழுவதற்குமான ஆணையாக மாறியது. போலீசுக்குத் தகவல் போனதும் கட்சிக்குப் பிறகுதான், நேர வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

ஈப்போ_ராதா:

மாறன் அண்ணன் சொன்ன வரிசை சரி. நான் எண்ணுக்கும் படத்துக்கும் வருகிறேன்.

267 எங்கிருந்து வந்தது? நவம்பர் 11 அன்று ஹைட்ரிக், ஹிட்லரின் மூத்த அமைச்சர் கோரிங்குக்கு அனுப்பிய முதல் அறிக்கையில் தீவைக்கப்பட்ட ஜெப ஆலயங்கள் 191, முழுதாக இடிக்கப்பட்டவை 76. கூட்டினால் 267. அதே அறிக்கையில் நாசமான கடைகள் 815, இறந்தவர்கள் 36. மறுநாள் கோரிங் கூட்டிய கூட்டத்தில் அதே ஹைட்ரிக் கடைகள் 7,500 என்கிறார். ஒரே நாளில் ஒன்பது மடங்கு! தகவல் இன்னும் வந்துகொண்டிருந்த நேரத்து எண்களை அப்படியே புத்தகத்துக்குப் புத்தகம் எடுத்துப் போட்டதால் வந்த குழப்பம் இது. பின்னாளில் ஊர் ஊராக ஆராய்ந்து எண்ணியபோது சேதமான ஜெப ஆலயங்களும் பிரார்த்தனைக் கூடங்களும் 1,400க்கு மேல் என்று தெரியவந்தது. அட்டையில் இந்த எண்ணைப் போடுங்கள். 267ஐப் போடுவதென்றால் "நவம்பர் 11 அறிக்கைப்படி" என்று கீழே எழுதாமல் போடாதீர்கள்.

சாவு எண்ணும் இப்படித்தான். 91 என்பது கட்சி நீதிமன்றத்தின் கணக்கு. அந்த இரவிலும் அடுத்த நாட்களிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் அதில் இல்லை. முகாமில் அடிபட்டும் குளிரிலும் நோயிலும் செத்த நூற்றுக்கணக்கானவர்களும் இல்லை. "அதிகாரப்பூர்வமாக 91, உண்மையில் பல மடங்கு" என்று எழுதினால் தவறாகாது.

கைது சுமார் 30,000. அவர்களில் 26,000க்கு மேற்பட்டவர்கள் முகாமுக்குப் போனார்கள்: டாகாவுக்குச் சுமார் 11,000, புஹன்வால்டுக்குச் சுமார் 10,000, சாக்ஸன்ஹவுசனுக்குச் சுமார் 6,000. முல்லர் 11:55க்கு எழுதிய எண்ணையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பிள்ளைகளுக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

படம்: இணையத்தில் 1938 நவம்பர் என்று தேடினால் முதலில் வருவது, கடை வாசலில் எஸ்.ஏ. ஆள் பலகையோடு நிற்கும் படம். பலகையில் யூதரிடம் வாங்காதே என்று இருக்கும். அது 1933 ஏப்ரல் 1, கடைப் புறக்கணிப்பு நாளில் எடுத்தது. ஐந்தரை வருட வித்தியாசம். பள்ளிக் கண்காட்சிகளில் அதிகம் பார்க்கும் பிழை இது. அந்தப் படம் வேண்டுமென்றால் முதல் அட்டையில் 1933 என்று போட்டு வையுங்கள், அங்கே பொருந்தும். நவம்பர் 1938க்கு மக்டபுர்க் நகரத்து உடைந்த கடைப்படங்களும், பாடன்-பாடன் ஊரில் கைதான ஆண்களைத் தெரு வழியாக நடத்திக்கொண்டு போகும் படங்களும் உண்டு. பாடன்-பாடன் படத்தில் கைதானவர்களை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். நடைபாதையில் நின்று பார்ப்பவர்களின் முகங்களையும் சேர்த்துப் போடுங்கள்.

கிராணி_வீட்டுப்பிள்ளை:

இருவரும் இரவைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன்னும் பின்னும் ஓடிய கணக்கு வேலை. அது இல்லாமல் அரசின் ஏற்பாடு என்பது பாதிதான் விளங்கும்.

1938 ஏப்ரல் 26 அன்று ஓர் ஆணை. 5,000 ரைஷ்மார்க்குக்கு (அன்றைய ஜெர்மன் நாணயம், சுருக்கமாக மார்க்) மேல் சொத்து உள்ள ஒவ்வொரு யூதரும் வீடு, கடை, நகை, காப்பீடு, வரவேண்டிய கடன் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி அரசிடம் கொடுக்க வேண்டும். நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் செக்ரோல், அதாவது தோட்டத் தொழிலாளர் கூலிப் பதிவேடு, தெரியும். அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால் யார் எந்த லயத்தில், என்ன பற்று, எவ்வளவு பிடித்தம் என்று ஆபீசில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். அப்படி ஒரு புத்தகம் நவம்பருக்கு முன்பே தயார். ஆகஸ்டில் இன்னோர் ஆணை: பெயரைப் பார்த்து யூதர் என்று தெரியாதவர்கள் ஆணானால் இஸ்ரேல், பெண்ணானால் சாரா என்று கூடுதல் பெயர் சேர்க்க வேண்டும், 1939 ஜனவரி 1 முதல். அக்டோபரில் கடவுச்சீட்டில் சிவப்பு ஜே முத்திரை, யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. ஜெப ஆலயத்தை இடிப்பதும் நவம்பரில் தொடங்கியதல்ல. மியூனிக் பெரிய ஜெப ஆலயத்தை ஜூனிலும், நியூரம்பர்க் ஜெப ஆலயத்தை ஆகஸ்டிலும் பட்டப்பகலில் இடித்தாயிற்று.

இப்போது நவம்பர் 12. பெர்லினில் கோரிங்கின் விமான அமைச்சகத்தில் கூட்டம். அமைச்சர்கள், போலீஸ், காப்பீட்டுத் துறைப் பிரதிநிதி எல்லாரும் மேசையில். பேச்சின் குறிப்பு எழுத்தில் கிடைத்திருக்கிறது. காப்பீட்டுக்காரர் ஹில்கார்ட் கண்ணாடி மட்டும் 60 லட்சம் மார்க் என்கிறார். அந்தத் தடிமன் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வரவேண்டும், அந்நியச் செலாவணி போகும். உடைந்த கண்ணாடியில் பெரும்பகுதி யூதருடையதே அல்ல, கட்டடத்தின் ஜெர்மன் சொந்தக்காரருடையது. கோரிங்குக்குக் கோபம். இவ்வளவு பொருளை நாசமாக்கியதற்குப் பதில் 200 யூதர்களைக் கொன்றிருக்கலாமே என்று ஹைட்ரிக்கிடம் சொன்னார். கொள்ளையடிக்காதே என்று இரவில் ஏன் சொன்னார்கள் என்பது இங்கேதான் புரியும். அந்தப் பொருளெல்லாம் ஏற்கெனவே அரசின் சொத்து என்று மனத்தில் எழுதியாயிற்று.

அன்றே மூன்று ஆணை. யூத சமூகம் முழுவதும் சேர்ந்து 100 கோடி மார்க் தண்டம் கட்ட வேண்டும். உடைந்த கடையை அவரவர் செலவில் சரிசெய்ய வேண்டும், காப்பீட்டுத் தொகை அரசுக்கு. 1939 ஜனவரி 1 முதல் கடை, கைத்தொழில் எதையும் யூதர் நடத்தக்கூடாது.

தண்டத்தை வசூலித்த விதத்தை ஒரு பெட்டிக்குள் கணக்காகப் போடுங்கள். ஏப்ரல் படிவத்தைக் கையில் எடுத்தார்கள். 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ளவருக்கு 20 விழுக்காடு, நான்கு தவணை: 1938 டிசம்பர் 15, 1939 பிப்ரவரி 15, மே 15, ஆகஸ்ட் 15. எடுத்துக்காட்டுக்கு, 40,000 மார்க் எழுதிக் கொடுத்த கடைக்காரர் ஒவ்வொரு தவணைக்கும் 2,000 கட்ட வேண்டும். நான்கும் முடிந்தபின் போதவில்லை என்று நவம்பரில் ஐந்தாவது தவணை, இன்னும் 2,000. ஆக 10,000, நான்கில் ஒரு பங்கு. மொத்த வசூல் 110 கோடி மார்க்கைத் தாண்டியது. எரிந்த ஜெப ஆலயத்தின் இடிபாட்டை அள்ளும் செலவையும் அந்தந்த ஊர் யூத சபையின் தலையில் கட்டினார்கள்.

சிப்புட்_வாசகர்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆறு அட்டை போதாது போலிருக்கிறது.

இரண்டு கேள்வி வந்திருக்கிறது. எல்லாம் ஆணைப்படி என்றால் சாதாரண ஜனங்களுக்குப் பங்கே இல்லை என்று ஆகிவிடாதா? இன்னொன்று, ஒரு மாணவி கேட்டது: 1933இலிருந்தே தெரிகிறதே, ஏன் முன்பே கிளம்பவில்லை?

தைப்பிங்_மாறன்:

பங்கு உண்டு. ஆணை கொள்ளை வேண்டாம் என்றது, கொள்ளை பரவலாக நடந்தது. பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் கல் எறிந்தார்கள். வாய்மூடி நின்றவர்கள் அதைவிட அதிகம், முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள், அதில் பலருக்குப் பொருள் வீணானதுதான் உறுத்தல். அரசு தொடங்கி வைத்தது, காவலை விலக்கிக்கொண்டது, தண்டனை இல்லை என்று காட்டியது. ஜனங்கள் அந்த இடைவெளிக்குள் நுழைந்தார்கள். தண்டனை இல்லை என்பதற்கும் அதே கட்சி நீதிமன்றம் சாட்சி: கொலை செய்தவர்களின் வழக்கைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டு, யூதப் பெண்களைப் பலாத்காரம் செய்தவர்களைக் கட்சியிலிருந்து நீக்கியது. அந்தப் பெண்களுக்கு நடந்ததற்காக இல்லை, இனக்கலப்புத் தடையை மீறினார்கள் என்பதற்காக.

மறுத்தவர் ஒருவரையும் சேருங்கள். பெர்லின் ஒரானியன்புர்கர் தெருவில் உள்ள புதிய ஜெப ஆலயத்துக்கு எஸ்.ஏ. ஆட்கள் தீவைத்தபோது அந்தப் பகுதிப் போலீஸ் தடுத்தது. பாதுகாக்கப்பட்ட புராதனக் கட்டடம் என்ற பழைய சட்டத்தைக் காட்டித் தீயணைப்புப் படையை வரவழைத்து அணைக்க வைத்தார்கள். நிலைய அதிகாரி வில்ஹெல்ம் க்ருட்ஸ்ஃபெல்ட். பதவியும் உயிரும் போகவில்லை, மேலிடத்துக் கண்டிப்போடு முடிந்தது.

ஈப்போ_ராதா:

அந்த மாணவிக்கு: கிளம்பியவர்கள் நிறையப் பேர். 1933இல் ஜெர்மனியில் யூதர்கள் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல், மக்கள்தொகையில் 1 விழுக்காடுகூட இல்லை. 1937 முடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் போய்விட்டார்கள். மற்றவர்களை நிறுத்தியது இரண்டு கதவு. வெளியே போகும் கதவில் வரி: 50,000 மார்க்குக்கு மேல் சொத்து இருந்தால் நான்கில் ஒரு பங்கு, கையில் கொண்டுபோகும் ரொக்கம் 10 மார்க். உள்ளே விடும் கதவில் விசா. 1938 ஜூலையில் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசின, கிட்டத்தட்ட எந்த நாடும் கூடுதலாக இடம் தரவில்லை. நவம்பருக்குப் பிறகு முகாமிலிருந்து விடுதலை பெற வெளிநாடு போகும் தாள் காட்ட வேண்டும். அதனால் மனைவிமார் தூதரகம் தூதரகமாக அலைந்தார்கள். பெற்றோர் இல்லாமல் தனியே வந்த பிள்ளைகளைப் பிரிட்டன் ஏற்றது, சுமார் 10,000 பேர். முதல் கூட்டம் டிசம்பர் 2 அன்று ஹார்விச் துறைமுகத்தில் இறங்கியது. பெற்றோரில் பெரும்பாலோர் அவர்களை மறுபடி பார்க்கவில்லை.

நம் பக்கம் ஒரு தொடர்பு உண்டு, உள்ளூர் ஆட்களுக்கு மனத்தில் ஒட்டும். விசா கேட்காத இடம் ஷாங்காய். இத்தாலியக் கப்பலில் ஏறினால் சூயஸ், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஷாங்காய். சுமார் 17,000 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சிங்கப்பூர் துறைமுகத்தில் அந்தக் கப்பல்கள் நின்று போன அதே 1938இல்தான், ஜூன் மாதம், இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, காலம் புரிவதற்காகச் சொல்கிறேன். நிலப்பட அட்டையில் இந்தக் கப்பல் வழியைக் கோடாகப் போடலாம்.

கிராணி_வீட்டுப்பிள்ளை:

பாலஸ்தீனக் கேள்விக்கு: ஒதுங்காதீர்கள், வாசலிலேயே யாராவது ஒருவர் நின்று பதில் சொல்லுங்கள். 1938இல் பெர்லினிலும் பாடன்-பாடனிலும் அடிபட்ட தையல்காரருக்கும் கடைக்காரருக்கும் டாக்டருக்கும் அங்கே நடந்ததுதான் இந்த அட்டை. காஸாவில் செத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக வருந்துபவர் இதைப் பார்த்தும் வருந்தலாம், ஒன்று மற்றொன்றைக் குறைக்காது. அட்டைகளில் 1933 முதல் 1939 வரை மட்டும் வையுங்கள். யூதர்கள் பணக்காரர்கள், அதனால் வந்த கோபம் என்று யாராவது சொன்னால், 1938 தொடக்கத்துக்குள்ளேயே யூதர் தொழில்களில் பாதிக்கு மேல் பிடுங்கப்பட்டோ மூடப்பட்டோ போய்விட்டன என்று சொல்லுங்கள்.

தைப்பிங்_மாறன்:

கடைசி அட்டை பற்றி ஒன்று. நவம்பர் 1938இலிருந்து நேராக அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அம்புக்குறி போடாதீர்கள். 1938இல் குறிக்கோள் பிடுங்குவதும் விரட்டுவதும். யூதர்களைத் திட்டமிட்டு முறையாகக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்வது 1941 ஜூனில் சோவியத் மீது படையெடுத்தபின் தொடங்கியது. இடையில் போர் வந்தது, எல்லை மூடியது, போலந்தின் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களில் பெரும்பகுதியினர் அவர்கள் கைக்குள் வந்தார்கள். ஆனால் இரண்டு பாடத்தை அரசு நவம்பரில் படித்துக்கொண்டது. தெருவில் கண்ணாடி உடைப்பது ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆகவே இனிமேல் அலுவலகம் வழியாக, சத்தமில்லாமல். 1939 ஜனவரியில் யூதர் வெளியேற்றப் பொறுப்பு முழுவதும் ஹைட்ரிக் கைக்குப் போனது. இரண்டாவது, வெளிநாடுகள் கண்டிக்கும், அதற்கு மேல் எதுவும் செய்யாது.

சிப்புட்_வாசகர்:

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரே சந்தேகம். 5,000 மார்க் என்றால் எவ்வளவு என்று பெரியவர்கள் கேட்பார்கள். ரிங்கிட்டில் மாற்றிப் போடலாமா?

கிராணி_வீட்டுப்பிள்ளை:

வேண்டாம். எந்த ஆண்டு விலைவாசியைப் பிடித்து மாற்றினாலும் எண் பொய்யாகிவிடும். கூலியில் சொல்லுங்கள். அப்போது ஜெர்மனியில் சம்பளக்காரர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 2,000 மார்க்குக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியானால் 5,000 என்பது இரண்டரை வருடக் கூலி. ஒரு சிறிய கடையும் அதிலிருக்கும் சரக்கும் வீட்டுச் சாமானும் சேர்ந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். பெரிய முதலாளிகள் மட்டும் இல்லை, சாதாரணக் குடும்பங்களும் அந்தப் படிவத்தில் ஏறியது அதனால்தான். கணக்குப் பெட்டிக்குக் கீழே ஒரே வரியில் இதை எழுதிவிடுங்கள்.